அரைக்காது

அறுபத்தேழாயிரத்து நானூற்று முப்பது ரூபாய். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற இரண்டு பொட்டுக்காக வழிவிட்டான் என்பவன் மனநல மையத்துக்குக் கட்ட வேண்டிய தொகை அது. ஒரு பொட்டு அவன் மனைவி பூமயிலுக்கு, இன்னொன்று அவனுக்கு. ஒவ்வொன்றும் ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. காகிதத்தில் அதற்குக் குரல் பகிர்வி என்று பெயர். வாங்கிப்போன சனங்கள் வைத்த பெயர் அரைக்காது.

"மாத்திரைக்குக் காசு இல்லண்ணே. டாக்டருக்கும் இல்ல. இதுக்கு மட்டுந்தான் வாடகை. திருப்பிக் குடுத்த நாள்லருந்து ஒரு வருசத்துக்குள்ள கட்டிறணும்" என்றாள் சபூரா. கருவிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ் அவள்.

"கட்டிருவேன் தங்கச்சி. ஆனா எம்மேல எதுக்கு ஒட்டணும்? சீக்கு அவளுக்குத்தான?"

பூமயில் பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். சபூரா குரலைத் தணிக்கவில்லை. அவளுக்கும் சேர்த்தேதான் சொன்னாள்.

"அக்காவுக்கு ஒரு குரல் கேக்குது. வெளியிலருந்து வரல, மூளையே அத உண்டாக்குது. ஆனா அவங்களுக்கு நெசமாவே பக்கத்துல நின்னு பேசுற மாதிரிதான் இருக்கும். அது பேசும்போது ஒரு பயமும் சேந்து வரும். இந்தப் பொட்டு அதுல ஒரு பங்க எடுத்து உங்க பக்கம் அனுப்பும். மாத்திரை நல்லா வேலை செய்ய மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அவங்க ஒத்தையா நின்னு சுமக்க வேணாமேன்னுதான்."

"அப்ப மூட்டைக்கு அந்தப் பக்கத்து முனைய நான் புடிக்கணும்."

"அவ்வளவுதாண்ணே."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு நேரம் பேசியிருக்கவே வேணாம். ஒட்டு."

பத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொடுத்தாள் சபூரா. நான்கு பங்கு வரைக்கும் வெறும் பயம்தான் வரும், அதற்கு மேலே போனால் வார்த்தையும் வரும், அதனால் யாருக்கும் நான்கைத் தாண்டி வைப்பதில்லை என்று சொன்னாள். கிளம்பும்போது ஓர் அட்டையைக் கொடுத்தாள். 'உடனிருப்போர் செய்ய வேண்டியவை' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது. வழிவிட்டான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வேறு யாராவதாக இருந்தால் படித்துக் காட்டச் சொல்லியிருப்பார்கள். அவனுக்கு அது தேவையில்லை. முப்பத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவன் அவன்.

அதுவும் வேலை கொடுத்த படிப்புதான். பனையடியேந்தலுக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சூரியத்தகடுகள். ஒரு காலத்தில் கருவேலங்காடு. மின்சாரம் எடுக்கும் அந்தக் கண்ணாடித் தகடுகளில் தூசி படிந்தால் மின்சாரம் குறையும். கழுவ எந்திரம் கொண்டுவந்தார்கள். உப்புக்காற்று அதன் சக்கரத்தைத் தின்றுவிட்டது. பிறகு ஆள் வைத்தார்கள். வெயில் ஏறிய கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும் என்பதால் விடியுமுன்னே தொடங்கி ஏழரைக்கெல்லாம் முடித்துவிட வேண்டும். எந்த வரிசை, எந்த எண், எங்கே கை வைத்தால் மின்சாரம் அடிக்கும் என்று பலகை படிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் கூலி அதிகம். சாயங்கால வகுப்பில் அவனும் போய் உட்கார்ந்தான். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி முதல்முதலில் அவன் படித்தது 'தொடாதே' என்ற சொல். அன்றைக்கு அவன் உயிரோடு வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லால்தான். முந்தின வாரம் அதே கம்பியில் கை வைத்த ஆள் திரும்பி வரவில்லை. அதிலிருந்து அச்சில் இருப்பது எதுவானாலும் அவனுக்கு வேத வாக்கு.

கழுவுகிற வேலைக்குப் புருசன் பெண்டாட்டியாகத்தான் ஆள் எடுத்தார்கள். ஜோடிக் கூலி என்பார்கள். தகடுகள் சாய்ந்து நிற்கும். கீழ் விளிம்பு முழங்கால் உயரம், மேல் விளிம்பு தலைக்கு மேலே. பின்பக்கம் நடக்கிறவர் மேல் விளிம்பு வழியாகக் குழாயில் தண்ணீரை விட வேண்டும், முன்பக்கம் நிற்கிறவர் நீளக் கழியில் கட்டிய ரப்பரால் இழுத்துத் துடைக்க வேண்டும். நடுவில் தகடு மறைக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் நகர வேண்டும். ஒரு தகடு முடிந்ததும் வழிவிட்டான் பின்னாலிருந்து "இந்தா" என்பான். அவள் "ஆங்" என்பாள். அடுத்த தகடு. ஒரு விடியலுக்கு எழுநூறு இந்தா, எழுநூறு ஆங். ஆறு வருசம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் அவன் கூப்பிடாதபோதே பூமயில் "ஆங்" என்றாள். அவன் சிரித்தான். மறுநாள் நான்கு தடவை. அடுத்த மாதத்தில் வேலையை நடுவில் நிறுத்திவிட்டு, தகட்டைச் சுற்றி ஓடிவந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப என்ன சொன்னீங்க?" என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் நம்பவில்லை. பிறகு அவன் தொட்ட குடத்துத் தண்ணீரைக் குடிக்க மறுத்தாள். முடி வாராமல் விட்டாள். கட்டிலுக்குப் பின்னால் போய் ஒளிந்து உட்கார்ந்துகொண்டாள். யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அவன் ஒருத்தர் சொன்னதையும் கேட்காமல் நேரே மையத்துக்குக் கூட்டிவந்ததுதான் அவன் செய்த முதல் நல்ல காரியம் என்று டாக்டர் சொன்னார்.

இரண்டு பங்கு என்றால் என்னவென்று மறுநாள் விடியலில் தெரிந்தது. அவளைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கண்ணுக்கு எட்டுகிற மாதிரி உட்காரவைத்துவிட்டு ஒற்றைக் கூலிக்குத் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தான். திடீரென்று முதுகுப் பக்கம் யாரோ கத்தியோடு நிற்கிறார்கள் என்று தோன்றியது. தோன்றியது என்று சொன்னால் போதாது, அது அவனுக்கு நிச்சயமாகவே தெரிந்தது. கழியை வீசிவிட்டுத் திரும்பினான். பக்கத்து வரிசையில் கழுவிக்கொண்டிருந்த சூசை கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, குழாய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன். கொல்லவா வந்தேன்?"

"ஒண்ணுமில்லப்பே."

"ஒண்ணுமில்லாததுக்கா உசுரு போற மாதிரி குதிச்ச? எம் பொண்டாட்டி அந்தோணியம்மா என்னைய அடிக்க வந்தப்பகூட நான் இப்படிக் குதிக்கல."

வழிவிட்டான் தொட்டிப் பக்கம் பார்த்தான். பூமயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தில் இரண்டு பங்குக்கே எனக்கு இப்படி. மீதி எட்டு அவளிடம். அப்படியும் உட்கார்ந்திருக்கிறாளே, எழுந்து ஓடவில்லையே! மலைப்பாக இருந்தது அவனுக்கு. மாரியூர் உப்பு மூட்டையைத் தூக்கி லாரிப் பலகையில் ஏறினவனைப் பெரிய ஆள் என்பார்கள். இவள் எதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?

மூன்று வாரத்தில் மூன்று பங்காக ஏற்றச் சொன்னான். அவனுக்குத் தூக்கம் போனது, அவளுக்குத் தூக்கம் வந்தது. ஒரு காலையில் கண் விழித்தபோது பூமயில் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் அசையாமல் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய காட்சி எதையும் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் அட்டையை எடுத்துப் படித்தான். இன்னும் என்னென்ன செய்தால் இன்னும் சீக்கிரம் குணமாவாள் என்று பார்க்க ஆசை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கவும். எதிர்த்து வாதிட வேண்டாம். சத்தமான இடத்தைத் தவிர்க்கவும். மூன்றும் அவன் செய்துகொண்டிருப்பவைதான். நான்காவது வரியில் விரல் நின்றது.

'அவரை அடிக்கடி பெயர் சொல்லி அழைத்து, நிஜ உலகுக்குக் கொண்டுவரவும்.'

இருபத்திரண்டு வருசத்தில் அவன் பூமயிலின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட "வீட்டுல" என்பான். கடைக்காரனே எழுதிக்கொள்வான். அவள் அவன் பெயரைச் சொன்னாலாவது ஏதோ குறைச்சல் என்பார்கள். புருசன் சொன்னால் ஒன்றுமில்லைதான். ஆனாலும் அவன் பக்கத்துச் சனத்தில் யாரும் சொல்வதில்லை. இந்தா, ஏ, இங்கரு. அவ்வளவுதான். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று தனியாகச் சொல்லிப் பழகினான். பூமயிலு. பூமயிலு. சூசை கேட்டுவிட்டான்.

"யாருண்ணே அது பூமயிலு?"

"எம் பொண்டாட்டிடா."

"அவுகளுக்குப் பேரெல்லாம் இருக்கா? இருக்கட்டும், நடத்து."

அன்றைக்கு வீட்டுக்குப் போய், கட்டிலுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவளை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கையிலிருந்த சேலை கீழே விழுந்தது. மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் புல்லரித்தது. அட்டை சொன்னது சரிதான், எவ்வளவு உள்ளே போய் உறைக்கிறது பார் என்று நினைத்துக்கொண்டான்.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாளும் சாப்பிடவில்லை. அவன் விடவில்லை. எழுந்ததும் பெயர், மாத்திரைக்கு முன்னால் பெயர், சோறு வைக்கும்போது பெயர். அவள் குறுகிக் குறுகிச் சுவரோடு ஒட்டினாள். அவன் இன்னும் பிரியமாகக் கூப்பிட்டான். மாத்திரையை விழுங்குவதாகக் காட்டிவிட்டுத் துப்பினாள். தொட்டி ஓரத்தில் உட்காரவைத்தவள் ஒரு விடியலில் காணாமல் போனாள். சூசையும் அவன் பெண்டாட்டியும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே தேடினார்கள். கிழக்கு மூலையில் நூற்றுப் பதினாறாம் வரிசைக்கு அடியில், இரண்டு காதிலும் ஈரமண்ணை அடைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அந்தோணியம்மாதான் தவழ்ந்து உள்ளே போய், பேசாமல் பக்கத்தில் படுத்து, அரை மணி நேரம் கழித்து வெளியே கூட்டிவந்தாள். அன்றைக்கு அவர்கள் இருவருக்கும் கூலி கிடையாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழிவிட்டான் அதை மறக்கவே இல்லை.

மையத்தில் எடை பார்த்தார்கள். முப்பத்தெட்டு கிலோ.

"முப்பத்தாறுக்குக் கீழ போச்சுன்னா இங்க வெச்சுப் பாக்க முடியாதுண்ணே. மதுரையில பெரிய வார்டுல சேக்கணும். குழாய்ல ஆகாரம் குடுப்பாங்க. அங்க உடனிருக்க ஆள விடமாட்டாங்க. மாசக்கணக்கா ஆகும்" என்றாள் சபூரா. சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. "ஏறிக்கிட்டுத்தான் இருந்தாங்க. எதனால இறங்குனாங்கன்னே தெரியல. அட்டையில இருக்குறதெல்லாம் செய்றீங்களா?"

"ஒரு வரி விடல தங்கச்சி."

அதுதான் அவனுக்குப் புரியாதது. அத்தனையும் செய்கிறான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் என்னவோ நிற்கிறது. அது என்ன சொல்கிறதென்று தெரியாமல் எதோடு மல்லுக்கட்டுவது?

"பாதி வெச்சுவிடு" என்றான்.

"என்னது?"

"பத்துல அஞ்சு. வார்த்தை கேக்கும்னு சொன்னீல, அந்த வார்த்தைய நான் கேக்கணும்."

"வேணாண்ணே. கேட்டத மறக்க முடியாது. முன்னாடி ஒருத்தரு கேட்டுட்டுப் பொண்டாட்டிய விட்டுட்டே போயிட்டாரு. அவ மனசுல நான் இப்படியான்னு."

"அது அவ மனசு இல்ல, சீக்குன்னு நீதான சொன்ன?"

சபூரா டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் பூமயிலிடமும் கேட்கச் சொன்னார். கேட்டாள். பூமயில் சரியென்று தலையை ஆட்டினாள். ஒரு மணி நேரம் மட்டும் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, சபூரா பங்கை ஏற்றினாள்.

இருவரும் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நல்ல பகல். ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். வழிவிட்டான் தூக்குச்சட்டியைத் திறந்தான். எலுமிச்சம்பழச் சோறு. அட்டையில் சொன்னபடி, பிரியமாக, "பூமயிலு, ரெண்டு வாய் சாப்புடு" என்றான்.

"பூமயிலு, ரெண்டு வாய் சாப்புடு" என்றது இன்னொரு குரல், அவன் தலைக்குப் பின்னாலிருந்து. "மூணாவது வாய்க்கு நீ இருக்க மாட்ட. வெசம் கலந்துட்டேன்ல."

அவன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. தகட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினால் வருகிற மாதிரி, கண்ணாடியில் மோதி வருகிற குரல். தொண்டையில் கொஞ்சம் கரகரப்பு. சொல் முடிகிற இடத்தில் ஒரு இழுப்பு. சூசை போனில் ஒரு தடவை பிடித்துவைத்துப் போட்டுக் காட்டியபோது கேட்டிருக்கிறான். அது அவனுடைய குரல்.

"பூமயிலு, நீ எதுக்கு இன்னும் கெடக்க? பூமயிலு, உன்னால கூலி போச்சு. பூமயிலு, செத்துப் போ."

வழிவிட்டான் தூக்குச்சட்டியை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டான். இத்தனை மாதமாக இதையா கேட்டுக்கொண்டிருந்தாள்? என் குரலிலா? இதைக் கேட்டுக்கொண்டேவா நான் போட்ட சோற்றைத் தின்றாள்?

அப்போதுதான் இன்னொன்று கேட்டது. சின்னக் குரல், களைத்துப் போன குரல். பூமயில் வாயைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து வந்தது.

"மொதல்ல நானும் ஏமாந்து ஆங்குன்னேன். அப்புறம் பேரச் சொல்லுதேன்னு புடிச்சுக்கிட்டுச் சொல்லிருவேன், நீ அவரு இல்லன்னு. அவரு பேரு சொல்லமாட்டாரு, இந்தான்னுதான் கூப்புடுவாரு, போ நாயேன்னு வெரட்டிட்டுச் சாப்புட்டுருவேன். இப்ப அவரும் பேரச் சொல்றாரே. எது அவருன்னு நான் எத வெச்சுக் கண்டுபுடிப்பேன்?"



அவன் தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவன் உப்புக்காற்றில் கழுவிக்கொண்டிருந்த நேரமெல்லாம், இவள் உள்ளே நின்று அவனுக்காக வாதாடியிருக்கிறாள். அவன் குரலிலேயே வந்து அவனைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் 'அவரு அப்படி இல்ல' என்று பதில் சொல்லியிருக்கிறாள். சாட்சிக்கு அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் அவன் பிரியமாக, விரல் வைத்துப் படித்து, பழகிப் பழகி, பிடுங்கிவிட்டான்.

அவன் எழுந்தான். அவளுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. முன்னால் வந்து, தன் வாய் அவளுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தான்.

"இந்தா" என்றான்.

அவள் கண் அவன் உதட்டில் வந்து நின்றது.

"பூமயிலு, நம்பாத" என்றது பின்னால் அந்தக் குரல்.

"இந்தா" என்றான் மறுபடியும்.

உள்ளே அவள் சொன்னது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. "இரு, இரு. ரெண்டு பேரு இருக்காங்க."

வேப்பம்பழம் ஒன்று விழுந்து உருண்டது. பிறகு அவள், வெளியே, வாயைத் திறந்து, "ஆங்" என்றாள். கை நீட்டித் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டாள். மூன்று வாய் சாப்பிட்டாள். நான்காவதைப் பிசைந்துகொண்டே, "உப்பு கொறச்சல்" என்றாள். வழிவிட்டான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் முடிந்து பங்கை இறக்க வந்த சபூராவிடம் சொன்னான். அவள் அட்டையை வாங்கி நான்காவது வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது வெளியூர்ல யாரோ எழுதி, நாங்க அப்படியே அச்சடிச்சதுண்ணே. எங்க வீட்டுலயும் வாப்பா உம்மாவப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"எனக்கே தோணலையேம்மா. நான்தான கூப்புடாதவன்."

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை மாத்திரையை மாற்றினார்கள். மழைக்காலத்தில் ஒரு பத்து நாள் மறுபடி கட்டிலுக்குப் பின்னால் போனாள். ஆனால் சாப்பிட்டாள். எடை நாற்பத்தாறுக்கு வந்தது. பங்கு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றாகி, பங்குனியில் டாக்டர் கழற்றிவிடலாம் என்றார். ஜோடிக் கூலிக்கு மறுபடி பேர் கொடுத்தார்கள். இனி பின்பக்கம் நின்று 'இந்தா' சொல்லப்போவது தானே என்று பூமயில் சொல்லிவிட்டாள். அந்தோணியம்மாவின் மகள் சடங்குக்கு வழிவிட்டான் இரண்டு நாள் பந்தல் வேலை பார்த்தான். சூசை கூலி என்று பேச்செடுத்தபோது, "நூத்திப் பதினாறாம் வரிசைக்கு நீ வாங்குனியாக்கும்?" என்று வாயை அடைத்தான்.

பொட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று சபூரா ஒரு படிவத்தை நீட்டினாள்.

"இதுல கருவிப் பழுதுன்னு ஒரு கட்டம் இருக்கு. நடுவுல எடை இறங்குன கணக்கு இருக்குறதால அதுல கோடு போட்டா போதும், கேள்வி கேக்க மாட்டாங்க. வாடகை மொத்தமும் போயிரும்."

வழிவிட்டான் கட்டத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"பழுது ஆகலையே தங்கச்சி."

"ஆகலதான். ஆனா அறுபத்தேழாயிரண்ணே."

"இது இல்லன்னா இவ எனக்காக என்ன பாடு பட்டான்னு சாகுற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதப் போயி பழுதுன்னு என் கையால எழுதச் சொல்றியா? நான் கட்டிக்கிறேன்."

"வேற கட்டம் என்ன இருக்கு?" என்று கேட்டாள் பூமயில்.

"மற்றவைன்னு ஒண்ணு கடைசியில இருக்குக்கா. அதுல யாரும் எழுதுறதில்ல."

"அதுல நடந்தத எழுதுங்க" என்றாள் புருசனிடம். "படிச்சது எதுக்கு?"

அவன் அரை மணி நேரம் எழுதினான். நான்கு வரிதான். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். புதிதாக ஒன்றும் பழக வேண்டாம். உங்களை அடையாளம் கண்டுபிடிக்க அவர் எதையோ பிடித்துக்கொண்டிருப்பார். அது என்னவென்று அவரிடமே கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து முதல் தவணையைக் கட்டலாம் என்று இருவரும் மையத்துக்குப் போனார்கள். கணக்கர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஒங்களுக்குப் பாக்கி இல்லையே."

"அறுபத்தேழாயிரத்து நானூத்தி முப்பது இருக்குதுய்யா."

"இருந்துச்சு. தள்ளுபடி ஆயிருச்சு. மேலருந்து வந்துருக்கு."

சபூரா உள்ளேயிருந்து புது அட்டையோடு ஓடிவந்தாள். நான்காவது வரி இருந்த இடத்தில் அவன் எழுதிய நான்கும் இருந்தன. பழைய அட்டை வாங்கிப்போன வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் கேட்டார்களாம். பதினொரு வீட்டில் இதே கதை. ஒரு வீட்டில் அம்மா மகனை ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கமாம், இன்னொரு வீட்டில் புருசன் பெண்டாட்டியைப் பிள்ளை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவானாம். எல்லோரும் அட்டையைப் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். "அதுல ஒம்பது பேரு இப்ப ஒழுங்காச் சாப்புடுறாங்கண்ணே. பெரிய டாக்டரே ஒங்க பேருக்குத் தள்ளுபடி எழுதிட்டாரு."

வழிவிட்டான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தான் எழுதியதை அச்சில் பார்த்தால் அதுவும் வேத வாக்கு மாதிரித்தான் இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பிறகு கொண்டுவந்த ஐயாயிரத்தைக் கணக்கர் முன்னால் வைத்தான்.

"இதையாவது வாங்கிக்கங்கய்யா. கொண்டாந்துட்டேன். சும்மா போனா எனக்கு மனசு ஆறாது."

"தள்ளுபடின்னா வாங்க எனக்குக் கட்டமே இல்லைய்யா. எதுல போட?"

"மற்றவைல போடுங்க."

"இவரு என்னம்மா, கடன் இல்லன்னு சொன்னா சண்டைக்கு வர்றாரு!" என்றார் கணக்கர்.

பூமயில் புருசன் கையைப் பிடித்து இழுத்து, காதருகே குனிந்தாள்.

"இப்ப அது என்ன சொல்லுது தெரியுமா?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னும் பேசுதா?"

"எப்பவாச்சும். பழைய மாதிரி இல்ல, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. டாக்டருக்குத் தெரியும்."

"என்ன சொல்லுது?"

"பணத்த எடுத்து மடியில வெச்சுக்கிட்டு வாய மூடிட்டு வாடின்னு சொல்லுது." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இத்தன நாள்ல இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கு. இது ஒண்ண மட்டும் கேப்பமே."

அவள் நோட்டுகளை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். கணக்கர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்துவிட்டு, ரசீதில் தள்ளுபடி முத்திரையை அழுத்திக் குத்தினார்.